முத்துலட்சுமி ரெட்டி: மூன்று வருடச் சொச்சம் அவையில் இருந்தவர் சாதித்தது என்ன?

#1 புதுக்குளம்

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் "முத்துலட்சுமி ரெட்டி வந்துடுச்சா?" என்று கேட்டால், யாரோ விருந்தாளி வந்தாரா என்று அர்த்தம் இல்லை. பிரசவ உதவிப் பணம் வங்கிக் கணக்கில் ஏறிவிட்டதா என்று அர்த்தம். 1986-ஐயே நேற்று என்று நினைக்கிற என்னைப் போன்றவனுக்கு, 1886-இல் இதே புதுக்கோட்டையில் பிறந்த ஒரு பெண்மணி இன்று அரசுப் பணத்தின் பெயராகிவிட்டது விசித்திரமாகத்தான் இருக்கிறது.

அவரைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் வரிசையாகச் சொல்வது எல்லோருக்கும் தெரியும். மகாராஜா கல்லூரி முதல்வர் நாராயணசாமி ஐயரின் மகள். தாயார் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் 1904-இல் இந்தப் பெண்ணைச் சேர்க்கக் கூடாது என்று எதிர்ப்பு கிளம்பியபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் சேர்க்கச் சொன்னார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912-இல் பட்டம், 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியோடு திருமணம். அப்புறம் அவ்வை இல்லம், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, 1956-இல் பத்மபூஷண். இடையில் எங்கேயோ "தேவதாசி முறையை ஒழித்தார்" என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான்.

அந்த ஒரு வரியைத்தான் இங்கே பிரித்துப் பார்க்க ஆசை. அவர் சட்டமன்றத்தில் இருந்தது 1927 முதல் 1930 வரை. தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது 1947-இல். அவையை விட்டு வந்து 17 வருடம் கழித்து! அப்படியானால் இருந்த காலத்தில் செய்தது என்ன?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருடைய பெரிய சட்ட வேலை 1947 சட்டம் இல்லை. 1929-இல் நிறைவேறிய சின்னத் திருத்தம் ஒன்றுதான். சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டுச் சடங்கை அது தடை செய்யவே இல்லை. நிலத்தை மட்டும் தொட்டது. மறுப்பவர்கள் வரலாம்.

#2 கேள்விக்குறி

அண்ணா, அடிப்படையான சந்தேகம் ஒன்று. அவர் எம்எல்ஏவா, எம்எல்சியா? எம்எல்சி என்றால் 1986-இல் எம்ஜிஆர் கலைத்த மேலவையா? அப்புறம், தேர்தலில் நின்று ஜெயித்தாரா? எங்கள் பாடப்புத்தகத்தில் "முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர்" என்று மட்டும்தான் இருந்தது.

#3 அவைக்குறிப்பு

தம்பி, ஓய்வு பெறும் வரை பத்திரிகையாளர் மாடத்தில் உட்கார்ந்து சட்டமன்றச் செய்தி எழுதியவன் நான். எனக்குத் தெரிந்த வரை சொல்கிறேன்.

அவர் எம்எல்சிதான். ஆனால் நீங்கள் நினைக்கிற மேலவை வேறு. 1919 சட்டப்படி 1921 முதல் 1937 வரை சென்னை மாகாணத்தில் ஒரே ஒரு அவைதான் இருந்தது, அதற்குப் பெயரே சட்டமன்ற கவுன்சில். கீழே மேலே என்று இரண்டு அவைகள் வந்தது 1937-இல். 1986 நவம்பர் 1-ஆம் தேதி கலைந்தது அந்த மேலவை.

ஜெயித்து வந்தாரா என்றால், இல்லை, நியமன உறுப்பினர். அன்றைய கவுன்சிலில் தேர்தலில் வந்தவர்கள் 98 பேர், மற்றவர்களை ஆளுநர் நியமிப்பார். நியமனம் என்றதும் உதட்டைப் பிதுக்க வேண்டாம். பின்னணி இதுதான்: சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு 1921-இல் வாக்குரிமை வந்துவிட்டது, இந்தியாவிலேயே முதலில் கொடுத்த மாகாணம் இதுதான். ஆனால் சொத்தும் வரியும் காட்டினால்தான் வாக்கு. சொத்து யார் பெயரில் இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உறுப்பினராக நிற்கும் உரிமை அதற்குப் பிறகு 1926-இல்தான் வந்தது. அந்தத் தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்யாய மங்களூர்ப் பக்கம் நின்று மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். மங்களூர் அப்போது சென்னை மாகாணம். சரி, தேர்தலில் யாரும் வரவில்லை, நியமனத்திலாவது ஒரு பெண் வரட்டும் என்று அடையாற்றில் இருந்த இந்திய மாதர் சங்கம் முயற்சி செய்தது. அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ் போன்றவர்கள் 1917-இல் தொடங்கிய சங்கம். அவர்கள் முன்னிறுத்திய பெயர் முத்துலட்சுமி.

அவர் முதலில் தயங்கினார். மருத்துவத் தொழில் கெட்டுப்போகும் என்பது அவர் பயம். கணவரும் நண்பர்களும்தான் பேசிச் சம்மதிக்க வைத்தார்கள். உள்ளே போன கையோடு அவை அவரை ஒருமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. இன்றைய கணக்கில் துணை சபாநாயகர். ஆக, நியமனத்தில் வந்தவருக்கு உறுப்பினர்கள் தாங்களாகவே தந்த பதவி அது. இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

#4 வெட்டிப்பேச்சு

இவ்வளவு பேசிவிட்டு முக்கியமான காட்சியை விட்டுவிட்டீர்களே! "தேவதாசி முறை புனிதமானது" என்று காங்கிரஸ்காரர் சத்தியமூர்த்தி எழுந்து பேச, "அப்படியானால் இனி உங்கள் வீட்டுப் பெண்களை அனுப்புங்கள்" என்று அம்மையார் ஒரே போடு போட, அவையே வாயடைத்துப் போன காட்சி! அதைச் சொல்லாமல் என்ன முத்துலட்சுமி ரெட்டி வரலாறு?

#5 அவைக்குறிப்பு

இது வரும் என்று எனக்குத் தெரியும் :)

இந்த வசனத்தை நானே பத்து மேடையில் கேட்டிருக்கிறேன். பத்திலும் பத்து விதமாக. ஒரு மேடையில் "உங்கள் குலப் பெண்கள்", இன்னொன்றில் "உங்கள் வீட்டுப் பெண்கள்", மூன்றாவதில் சொன்னதே முத்துலட்சுமி இல்லை, மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் எழுதிக் கொடுத்தது. சொல்லுக்குச் சொல் மாறுகிற மேற்கோளை நான் செய்தியில் போட்டிருந்தால் எங்கள் ஆசிரியர் தாளைக் கிழித்து என் மேலேயே எறிந்திருப்பார். சத்தியமூர்த்தி இந்த முயற்சியை எதிர்த்தார் என்பது வரை சரி. அதற்கு மேல் வசனம் எழுதுவது சினிமாக்காரர்கள் வேலை.

எனக்கு இதில் ஒரு மனத்தாங்கலும் உண்டு. ஒரு பெண் உறுப்பினர் தீர்மானம், மசோதா, திருத்தம் என்று வருடக்கணக்கில் விடாமல் உழைத்திருக்கிறார். நாம் அவரை ஒரு "பன்ச் டயலாக்" ஆக்கி வைத்திருக்கிறோம்.

#6 சட்டப்புத்தகம்

இழையைத் தொடங்கியவரின் 1929 வாதத்துக்கு என் ஓட்டு உண்டு. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிறுமிகளை விபசாரத்துக்குக் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 372, 373-ஆம் பிரிவுகள் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தன. 1924-இல் வயது வரம்பையும் 18 ஆக்கிவிட்டார்கள். அப்படியும் ஏன் நிற்கவில்லை? எட்டு வயதுப் பெண்ணுக்குக் கோயிலில் பொட்டுக் கட்டுகிறார்கள். நீதிமன்றத்துக்கு வந்தால் "இது சாமிக்குச் செய்கிற சடங்கு, விபசாரத்துக்கு இல்லை" என்பார்கள். பின்னாளில் நடக்கப் போவதை அன்றே யார் நிரூபிப்பது? வழக்கு அங்கேயே படுத்துவிடும்.

முத்துலட்சுமி அவைக்கு வந்த முதல் வருடமே, 1927 நவம்பரில், ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதை நிறுத்த அரசு சட்டம் கொண்டுவர வேண்டும் என்று பரிந்துரைக்கும் தீர்மானம். அவையும் நிறைவேற்றியது. ஆனால் தீர்மானம் என்பது பரிந்துரை மட்டும்தானே, அரசைக் கட்டாது. சரி, நானே மசோதா கொண்டுவருகிறேன் என்று இறங்கினார்.

அவர் கெட்டிக்காரத்தனம் தெரிவது இங்கேதான். கிரிமினல் சட்டத்தை நேராக மோதாமல், எந்த வாசல் திறந்திருக்கிறது என்று பார்த்தார். இரட்டையாட்சியில் சட்டம் ஒழுங்கு ஆளுநரின் நிர்வாகக் குழுவிடம் இருந்தது. அறநிலையமோ மக்கள் பிரதிநிதிகளான அமைச்சர்களிடம். 1926-இல்தான் இந்து சமய அறநிலையச் சட்டம் புதிதாக வந்திருந்தது. அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தால் போதும் என்று கண்டுகொண்டார்.

ஏன் அறநிலையம்? கோயிலில் ஊழியம் செய்கிற குடும்பத்துக்கு மானிய நிலம் உண்டு. தவில்காரருக்கு மானியம், பூக்கட்டுகிறவருக்கு மானியம், தேவதாசிக்கும் மானியம். ஊழியம் நின்றால் நிலம் போய்விடும். அப்போது குடும்பத்தில் என்ன நடக்கும்? பாட்டிக்கு வயதாகிவிட்டது, நிலம் கைவிட்டுப் போகாமல் இருக்க வேண்டுமென்றால் அடுத்த தலைமுறையில் ஒரு பெண்ணுக்குப் பொட்டுக் கட்டியாக வேண்டும். பெண் பிறக்காவிட்டால் தத்தெடுத்தாவது கட்ட வேண்டும். பக்தியோ கலையோ பழக்கமோ எதுவாகவும் இருக்கட்டும், அடியில் கிடந்தது அந்த நிலம்.

1929 திருத்தம் சொன்னது இதுதான்: இனி இந்த நிலத்துக்கும் ஊழியத்துக்கும் தொடர்பு இல்லை. அரசுக்குத் தீர்வை என்ற நிலவரியைக் கட்டிவிட்டு நிலத்தை நீயே வைத்துக்கொள். அடுத்த தலைமுறையில் யாரையும் கோயிலுக்கு அனுப்ப வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை.

யாரையும் சிறைக்கு அனுப்பாமல், யார் நிலத்தையும் பிடுங்காமல், வேரில் கை வைத்த வரைவு இது. முப்பது வருடமாக வக்கீல் தொழில் செய்கிறேன், இப்படி ஒரு வரைவைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

#7 தஞ்சைத்தவில்

இதுவரை வாசித்துக்கொண்டிருந்தேன். என் பங்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் "தேவதாசிக் குடும்பம்" என்று எழுதுவது எங்கள் குடும்பத்தை. அப்பா வழியில் பெரிய மேளம், அம்மா வழியில் சின்ன மேளம். நாதஸ்வரம் தவில் பெரிய மேளம், சதிர் என்ற ஆட்டக் கச்சேரி சின்ன மேளம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

முத்துலட்சுமி அம்மையார் மேல் எங்கள் வீட்டிலும் மரியாதை உண்டு. எங்கள் சாதிச் சங்கக் கூட்டங்களில் படம் வைப்பார்கள். ஆனால் வீட்டுக்குள் பெரியம்மாக்கள் பேசிக்கொள்வது வேறு மாதிரி இருக்கும். கூட்டத்தில் பேசுகிறவர்கள் ஆண்கள் என்பதைக் கவனியுங்கள்.

சட்டப்புத்தகம் சார் சொன்ன நிலக்கணக்கு சரிதான், ஆனால் பாதிக் கணக்கு. முதலாவது, பட்டணத்தில் கச்சேரி செய்து பிழைத்தவர்களுக்கு மானியமே கிடையாது. அவர்களுக்கு 1929 சட்டத்தால் ஒரு குழிகூடக் கிடைக்கவில்லை. ஆனால் "இந்தப் பெண்கள் இழிதொழில் செய்கிறவர்கள்" என்று சட்டமன்றத்தில் விழுந்த முத்திரை மட்டும் சேர்த்து விழுந்தது. 1927-லேயே சென்னையில் தேவதாசிகள் சங்கம் கூட்டி எதிர்ப்பு மனு கொடுத்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் அதில் முன்னால் நின்றவர், திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குத் தன் சொத்தைப் போட்டுக் கோயில் கட்டிய அதே அம்மாள். அவர்கள் சொன்னது: எங்களை விபசாரிகளோடு சேர்க்காதீர்கள், எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பையும் கலையையும் கொடுங்கள், தொழிலைப் பிடுங்காதீர்கள். அவையில் அந்தக் குரலைச் சொல்ல ஒரு உறுப்பினர்கூட அந்தப் பெண்களிலிருந்து கிடையாது.

இரண்டாவது, சொத்து. எங்கள் மரபில் சொத்து பெண் வழியில் இறங்கும். தாசி பெண்ணைத் தத்தெடுக்கலாம் என்பதைச் சென்னை உயர் நீதிமன்றமே ஒப்புக்கொண்டிருந்தது. மற்ற இந்துப் பெண்களுக்கு அன்று கனவிலும் கிடைக்காத உரிமை அது. அந்தப் பெண்கள் எல்லோரும் "குடும்பப் பெண்" ஆனதும் நிலம் யார் வழியில் போயிற்று? அண்ணன் தம்பி வழியில். சீர்திருத்தத்துக்கு எங்கள் ஆண்கள் அவ்வளவு உற்சாகமாகக் கை தட்டியதற்கு வேறு காரணங்களும் உண்டு என்று நான் சொன்னால் எங்கள் மாமா இன்றைக்கும் கோபித்துக்கொள்வார்.

மூன்றாவதைப் பற்றி எழுதினால் இழை திசைமாறிவிடும். சதிர் எங்களிடமிருந்து போய் "பரதநாட்டியம்" என்று பெயர் மாறி வேறு வீடுகளில் அரங்கேறியது. 1932-இல் பத்திரிகையில் ஈ. கிருஷ்ண ஐயரும் அம்மையாரும் இதைப் பற்றி மோதிக்கொண்டார்கள். அம்மையார் வேண்டாம் என்றார், ஐயர் கலையைக் காப்பாற்ற வேண்டும் என்றார். கலை பிழைத்தது. ஆடியவர்கள்தான் பாட்டு டீச்சர் வேலைகூடக் கிடைக்காமல் போனார்கள்.

#8 வெட்டிப்பேச்சு

சரி, நான் வாயை மூடிக்கொள்கிறேன். கிண்டலுக்கு வந்தவன் படிக்க உட்கார்ந்துவிட்டேன்.

#9 புதுக்குளம்

தஞ்சைத்தவில் ஐயா, நீங்கள் எழுதியதில் ஒரு சொல்லைக்கூட என்னால் தள்ள முடியவில்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். "அந்தப் பெண்களிலிருந்து ஒரு உறுப்பினர்கூட இல்லை" என்கிறீர்கள். சந்திரம்மாளின் மகள் அங்கே உட்கார்ந்திருந்தார். கல்லூரியில் சேர்க்கக் கூடாது என்று சொன்னவர்கள் பெண் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, அம்மா யார் என்பதையும் வைத்துத்தான் சொன்னார்கள். அந்த வலியிலிருந்து பேசியவருக்கு, அந்த வாழ்க்கைக்குள்ளேயே மதிப்போடு இருந்த நாகரத்தினம்மாளின் கண் கிடைத்திருக்க வாய்ப்பில்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டின் இரண்டு வாசல்களில் நின்றவர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதே மரபில் பிறந்த, அதே வாழ்க்கைக்குத் தள்ளப்பட்டு வெளியே வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய் ஒழிப்புக்கு ஆதரவு திரட்டினாரே, அவரையும் மறக்கக் கூடாது. அவர் மேடையில், இவர் அவையில். பெரியாரின் குடிஅரசு இதழும் இந்தப் பக்கம்தான் நின்றது.

#10 செவிலியக்கா

நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். முதலில் சொன்ன அந்தப் பிரசவ உதவிப் பணத்துக்கு விண்ணப்பம் எழுதி எழுதியே என் கை தேய்ந்தது. தவணையில் பெயர்ப் பிழை வந்து ஒரு பெண் ஏழு மாதம் அலைந்ததும் உண்டு, பிள்ளை தவழ ஆரம்பித்த பிறகு பணம் வந்து, "இது இவன் பெயர் சூட்டுவிழாவுக்கு இல்லை, பள்ளிக்கூட ஃபீஸுக்கு" என்று அவள் சிரித்ததும் உண்டு. நான் சேர்ந்த காலத்தில் சில நூறு ரூபாய்தான், பின்னால் 18,000 வரை ஏறியது.

எல்லோரும் தேவதாசி விஷயத்திலேயே நிற்கிறீர்கள். அவர் அவையில் டாக்டராகவும் இருந்தார் தம்பிகளா. பள்ளிப் பெண் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று கேட்டார், பெண் டாக்டர்களைக் கொண்டே. குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்று கேட்டார். பெண்ணின் கல்யாண வயதை 16 ஆக்க வேண்டும் என்று வாதாடினார். 1929-இல் சாரதா சட்டம் 14 என்று வந்தது. 14 என்றால்கூட அன்றைக்கு ஊரே கொதித்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பிரசவம் பார்த்த டாக்டருக்குத்தான் அந்தப் பதினாறின் அருமை தெரியும். இடுப்பெலும்பே விரிந்திருக்காது. இதை நான் புத்தகம் பார்த்துச் சொல்லவில்லை.

அவருடைய தங்கை புற்றுநோயில் இறந்தார். அடையாற்றில் 1954-இல் குடிசை போட்ட மாதிரி 12 படுக்கையோடு ஆஸ்பத்திரி தொடங்கியது அந்தத் துக்கத்திலிருந்து வந்ததுதான். அடிக்கல் நாட்டியவர் நேரு. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். என் நாத்தனாரை அங்கே கொண்டுபோய் இரண்டு மாதம் தங்கியிருக்கிறேன். அதனால் எனக்கு அவர் எம்எல்சி என்பது அப்புறம்தான்.

#11 கேள்விக்குறி

அக்கா பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

அவைக்குறிப்பு சாருக்கு ஒரு கேள்வி. இன்றைக்கு ஒரு சாதாரண எம்எல்ஏ இப்படித் தனியாக ஒரு மசோதா கொண்டுவந்து சட்டமாக்க முடியுமா? எங்கள் தொகுதி எம்எல்ஏவை நான் பார்த்ததெல்லாம் காதுகுத்து, திறப்பு விழா, இழவு வீடு. சட்டம் செய்கிறவர் என்று அவரை நினைத்துப் பார்க்கவே வரவில்லை.

#12 அவைக்குறிப்பு

விதிப்படி முடியும். அமைச்சர் அல்லாத எந்த உறுப்பினரும் தனி உறுப்பினர் மசோதா கொண்டுவரலாம். நடைமுறையில்? நாடாளுமன்றத்தையே எடுத்துக்கொள். சுதந்திரத்துக்குப் பிறகு இரு அவைகளிலும் நிறைவேறிச் சட்டமான தனி உறுப்பினர் மசோதாக்கள் மொத்தம் 14. கடைசியாக நடந்தது 1970-இல். 2015-இல் திருச்சி சிவா திருநர் உரிமை மசோதாவை மாநிலங்களவையில் நிறைவேற்றிக் காட்டினார், 45 வருடத்துக்குப் பிறகு ஒரு அவை அப்படிச் செய்தது அதுதான். ஆனால் மக்களவையில் அது சட்டமாகவில்லை. பிறகு அரசு தன் சொந்த மசோதாவோடு வந்தது.

காரணம் சோம்பேறித்தனம் மட்டும் இல்லை. 1985-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகும். ஆளுங்கட்சி உறுப்பினர் தன் அமைச்சருக்கு எதிராக ஒரு திருத்தம்கூடக் கொண்டுவர மாட்டார். எதிர்க்கட்சி கொண்டுவந்தால் எண்ணிக்கையில் தோற்கும். 1927-இல் கட்சிக் கட்டு இவ்வளவு இறுக்கம் இல்லை. டாக்டர் சுப்பராயன் அமைச்சரவையே சுயேச்சைகளை வைத்து ஓடியது. எந்தக் கட்சிக்கும் கட்டுப்படாத நியமன உறுப்பினர் ஒருவர், நீதிக்கட்சியிடமும் சுயராஜ்யக் கட்சியிடமும் ஆளுக்கு ஆள் பேசி வாக்குச் சேர்க்கலாம். அவர் செய்தது அதைத்தான்.

மாடத்தில் உட்கார்ந்து நான் பார்த்த எம்எல்ஏக்களில் நல்லவர்களும் உண்டு. அவர்கள் ஆயுதம் கேள்வி நேரமும் மானியக் கோரிக்கை விவாதமும்தான். "எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு டாக்டர் எப்போது?" என்று ஐந்து வருடம் விடாமல் ஒரே கேள்வியைக் கேட்டு வாங்கிப் போனவரை எனக்குத் தெரியும். அதுவும் சட்டமன்ற வேலைதான். ஆனால் சட்டம் எழுதுகிற வேலை கோட்டையில் அதிகாரிகளிடம் போய்விட்டது.

பெண்கள் கணக்கையும் கேட்டுக்கொள். 1937 தேர்தலில் ருக்மிணி லட்சுமிபதி ஜெயித்து வந்து துணை சபாநாயகர் ஆனார், பிறகு 1946-இல் சுகாதார அமைச்சர். அதெல்லாம் நல்ல தொடக்கம். 2021 தேர்தலில் 234 பேரில் பெண்கள் 12.

#13 சட்டப்புத்தகம்

ராஜினாமாவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே.

1930-இல் பொட்டுக்கட்டையே நேராகத் தடை செய்யும் இரண்டாவது மசோதா அவர் கையில் இருந்தது. அந்த வருடம் மே மாதம் உப்புச் சத்தியாகிரகத்தில் காந்தி கைது. இவர் பதவியைத் தூக்கி எறிந்துவிட்டார். மசோதாவைக் கொண்டுபோக அவையில் ஆள் இல்லை, அப்படியே கிடந்துபோயிற்று. அது சட்டமாக 1947 வரை ஆயிற்று, ஓமந்தூரார் முதல்வராக இருந்தபோது.

நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் மசோதாவை முடித்துவிட்டு ராஜினாமா செய்திருப்பேன். இத்தனைக்கும் அதற்குச் சற்று முன்புதான், ஊரெல்லாம் "சைமனே திரும்பிப் போ" என்று கறுப்புக்கொடி காட்டியபோது, சைமன் கமிஷனோடு சேர்ந்த ஹார்டாக் கல்விக் குழுவில் உறுப்பினராக இருந்தவர் அவர். பெண் கல்விக்காக அந்த வசையை வாங்கத் தயாராக இருந்தார். அப்படிப்பட்டவர் இங்கே மட்டும் ஏன் அவசரப்பட்டார்?

#14 புதுக்குளம்

நானும் இதை யோசித்திருக்கிறேன். காந்தி தேவதாசி ஒழிப்பை வெளிப்படையாக ஆதரித்தவர், முத்துலட்சுமிக்குத் தெம்பு கொடுத்தவர். காந்தியைச் சிறையில் போட்ட அரசின் நியமனத்தில் உட்கார்ந்திருக்க மனம் ஒப்பவில்லை. தேர்தலில் வந்தவர் என்றால் "மக்கள் அனுப்பினார்கள்" என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆளுநர் அனுப்பியவருக்கு அந்தச் சமாதானம் கிடையாது. நியமனத்தில் வந்ததன் விலையை அங்கேதான் கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பதவி போன பிறகு வேலை வீட்டு வாசலுக்கே வந்தது. தேவதாசிக் குடும்பத்துப் பெண் பிள்ளைகள் சிலர் படிக்க வேண்டும் என்று வந்தார்கள், எந்த விடுதியும் சேர்க்கவில்லை. தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அவ்வை இல்லம் அப்படித் தொடங்கியது. தஞ்சைத்தவில் ஐயா சொன்ன "படிப்பைக் கொடுங்கள்" என்ற மனுவுக்கு அவரால் முடிந்த பதில் அதுதானோ என்னவோ.

ஐயா, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அம்மா வழியில் மானிய நிலம் இருந்ததா? 1929-க்குப் பிறகு அது என்ன ஆயிற்று என்று தெரியுமா? நம் இரண்டு கட்சிக்கும் அதுதான் சாட்சி.

#15 தஞ்சைத்தவில்

இரண்டு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். மாமாவிடம் பெட்டியைத் திறக்கச் சொல்லி, அவர் திட்டியதையும் வாங்கிக்கொண்டு, பார்த்தேன்.

நிலம் இருந்திருக்கிறது. ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் கீழே. ஊரில் இன்றைக்கும் அதைச் சின்னமேளக் கொல்லை என்றுதான் சொல்கிறார்கள், வாங்கினவர்களுக்குக் காரணம் தெரியாது. கொள்ளுப்பாட்டி பெயரில் தீர்வை கட்டின ரசீதுகள் 1930-களிலிருந்து இருக்கின்றன. கோயில் ஊழியம் பற்றி ஒரு வார்த்தையும் அதில் இல்லை. அவர் மகளுக்கு, அதாவது என் பாட்டிக்கு, பொட்டுக் கட்டவில்லை. பாட்டி நான்காவது வரை படித்து, கல்யாணம் செய்துகொண்டு, ஆறு பிள்ளை பெற்றார். அது உங்கள் கட்சிக்கு.

அடுத்த ரசீது 1950-களில். அதில் பாட்டி பெயர் இல்லை. கொள்ளுப்பாட்டியின் தம்பி மகன் பெயர் இருக்கிறது. அது என் கட்சிக்கு. "ஏன் மாமா?" என்று கேட்டேன். "கல்யாணமாகிப் போன பொண்ணுக்கு எதுக்குடா நிலம்?" என்றார்.

ரசீதைப் படம் எடுத்துப் போடலாம் என்று நினைத்தேன். மாமா வேண்டாம் என்றுவிட்டார்.